தட்டாமல் நிரப்பிய டப்பா

நெல் விளைகிற ஊரில் பிறந்து உமியில் சம்பளம் வாங்குகிறவள் நான். கல்யாண வீடுகளில் யாராவது "நீ இன்னா வேல பாக்குற" என்று கேட்டால் பேட்டரி கம்பெனி என்று சொல்லிவிடுவேன். உடனே இன்வெர்ட்டருக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்பார்கள். ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் பாயசம் ஆறிவிடும்.

உண்மை இதுதான். வில்லியனூரைத் தாண்டி, ஷெட்டுகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட சின்ன யூனிட் எங்களுடையது. பாகூர்ப் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக உமி வரும். அதை ஆசிடில் அலசி எரித்து வெள்ளைச் சாம்பலாக்குவோம். அந்தச் சாம்பலிலிருந்து சிலிக்கான் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக்குவோம். ஒவ்வோர் உருண்டையின் மேலும் சர்க்கரைக் கரைசலைப் பூசி, காற்றுப் படாமல் உலையில் சுட்டால் சர்க்கரை கரியாகி, ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம் கறுப்புப் பொடி. தும்மினால் போச்சு, அவ்வளவு லேசு.

அந்த உருண்டைக்குள் முழுக்கத் துளைகள், ஆப்பத்தின் நடுவில் இருப்பது போல. பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் ஊதிப் பெருக்கும். உள்ளே காலியிடம் இருந்தால் அதற்குள்ளேயே ஊதிக்கொண்டு, சார்ஜ் இறங்கியதும் அடங்கிவிடும். காலியிடம் இல்லாவிட்டால் ஓட்டை உடைத்துக்கொண்டு தானும் சிதறி, பேட்டரியையும் கெடுத்துவிடும். ஆகவே நாங்கள் விற்பது கரியை அல்ல, அதற்குள் இருக்கும் காலியிடத்தை. இதைக் கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள், இந்தப் பெண் கொஞ்சம் ஒரு மாதிரி என்று பேசிக்கொள்வார்கள்.

காலியிடத்தை வைத்துப் பிழைப்பது சுலபமில்லை. பொடியை அரைக்கக் கூடாது, வேகமாகக் கலக்கக் கூடாது, உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. "பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கணும்" என்பார் சார். சார் என்றால் யூனிட்டின் முதலாளி. நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த ஷெட்டைப் போட்ட இன்ஜினியர். பச்சைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே டிரேயை மேசையில் டமாரென்று வைப்பவரும் அவர்தான். உலை பார்க்க ஒருவர் உண்டு. அவர் யாரிடமும் பேசமாட்டார், இந்தக் கதையிலும் வரமாட்டார். மிச்ச வேலைக்கெல்லாம் அக்கா.

அக்கா எங்கள் ஊர்தான். நெட்டப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தின் காலனியில் வீடு. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நாற்று நட்டவர், கரும்பு வெட்டியவர், கட்டட வேலைக்குப் போனவர், பிறகு எப்படியோ பேட்டரித் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஆனால் வேறு வேறு நிறுத்தத்தில் ஏறுவோம். சார் முன்னால் என்னை "மேடம்" என்பார். சார் அந்தப் பக்கம் போனதும் "பாப்பா" என்பார். காலனி ஆட்கள் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முப்பது வயதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட்டால் எரிச்சல்தான் வரும். பலமுறை சொல்லியும் பார்த்தேன். "சரிங்க பாப்பா" என்றார்.

இந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. களத்தில் நின்று அப்பா ஒரு சத்தம் போட்டால் ஊர்க்கோடியில் கேட்கும். அந்த மனிதர் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு பஸ் பிடிப்பேன். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து பார்த்துக்கொள்வாள். பொழுது சாய்வதற்குள் நான் வந்துவிடுவேன். பஸ் தூரத்தில் வேலை இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது. இந்த யூனிட்டை மூடினால் என் படிப்புக்கு அடுத்த வேலை ஓசூரில்தான். ஓசூருக்குப் போனால் அப்பா முதியோர் ஹோமுக்குப் போக வேண்டும்.

ஒரு ஹோமைப் போய்ப் பார்த்தும் இருக்கிறேன். சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. சுவரோரமாகக் கட்டில்கள். ஒரு பெரியவரின் கையைக் கட்டிலோடு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். டியூபைப் பிடுங்கிவிடுகிறாராம். அவர் கட்டிய கையின் விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இந்த நிலையில்தான் முதல் டப்பா திரும்பி வந்தது. ஓசூரில் பேட்டரி செய்கிற ஒரு பெரிய கம்பெனி எங்கள் பொடியைக் கேட்டிருந்தது. சாம்பிளாக ஒரு டப்பா அனுப்புங்கள், நன்றாக இருந்தால் ஆர்டர் என்றார்கள். அனுப்பினோம். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. பேட்டரி நாலு நாளில் சக்தி இழந்துவிட்டது, உங்கள் உருண்டைகளில் பாதிக்கு மேல் உடைந்திருக்கின்றன என்று மைக்ராஸ்கோப் படத்தோடு அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பார்த்தேன். மிதித்த முட்டை ஓடு மாதிரி எங்கும் சில்லு.

எங்களிடம் வைத்திருந்த சாம்பிளை எடுத்துக்கொண்டு கல்லூரி ஒன்றின் மைக்ராஸ்கோப்புக்கு ஓடினேன். எல்லாம் முழுசு முழுசாக, அழகாக, ஒன்றுகூடக் கீறல் இல்லாமல் இருந்தன. "அவங்க ரோலர்ல போட்டு நசுக்கிட்டு நம்ம தலையில கட்டறாங்க" என்றார் சார். பொடியைப் பசையாக்கித் தகட்டில் தடவி ரோலரில் விட்டு அழுத்துவார்கள், அதைச் சொல்கிறார். எனக்கும் அப்படி நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அனுப்பிய படம் ரோலருக்குப் போகும் முன்பே, டப்பாவைத் திறந்தவுடன் எடுத்தது. அதைச் சாருக்குச் சொன்னதும் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்படியென்றால் ஓடு பலமில்லை. சர்க்கரையைக் கூட்டினேன். ஓடு தடித்தது, ஆனால் கரண்ட் உள்ளே போகத் திணறியது. குறைத்தேன். உலையை மெதுவாக ஏற்றினேன், மெதுவாக இறக்கினேன். ஓட்டில் வெடிப்பு வரக் கூடாதென்று ஆறுகிற நேரத்தில் ஷெட்டின் ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்தேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இன்னா பாப்பா, பொடி வேவறதுக்குள்ள நம்ம வெந்துடுவோம் போலருக்குது" என்றார்.

இரண்டாவது டப்பாவும் உடைந்த உருண்டைகளோடுதான் போய்ச் சேர்ந்தது.

எங்களிடம் இருப்பது முழுசு, அங்கே போவது சில்லு. அப்போது வழியில்தான் உடைகிறது என்று சார் முடிவு கட்டினார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. நம் பக்கத்து வேகத்தடைகளை யாரும் வேகத்தைக் குறைப்பதற்காகப் போட்டதாகத் தெரியவில்லை, முதுகெலும்பைப் பரிசோதிக்கப் போட்டது போல இருக்கும். பார்சல் வண்டிக்காரன் டப்பாவை எப்படித் தூக்கிப் போட்டானோ. ஸ்பாஞ்ச் வைத்தோம். அதைச் சுற்றி வைக்கோல் வைத்தோம். அந்தக் கட்டைப் பார்த்தபோது மாம்பழம் அனுப்புவது போல இருந்தது. அதுவும் போதாதென்று மூன்றாவது டப்பாவை நானே எடுத்துக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

அப்பாவை அன்று முழுக்கச் சித்தியிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் கிளம்பினேன். டப்பாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். திருவண்ணாமலை தாண்டியதும் கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அஸ்தியாம்மா?" என்றார் மெதுவாக.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒருவகையில் சாம்பல்தானே. "ஆமாண்ணா" என்றேன்.

"யாரு, அப்பாவா?"

தலையை வேகமாக ஆட்டி இல்லை இல்லை என்றேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் காலியாக இருந்த சீட்டுக்கு என்னை மாற்றி உட்கார வைத்தார். ஓசூர் வரும்வரை என் பக்கத்தில் ஒருவரையும் உட்கார விடவில்லை. நான் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இது உடையாமல் போய்ச் சேர வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று எங்கள் ஊர் அம்மனிடம் கேட்டுக்கொண்டே போனேன். டப்பா மடியில் கனத்தது. இவ்வளவு லேசான பொடிக்கு இந்தக் கனம் ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பயத்தில் எல்லாமே கனக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியின் லேபில் ஒரு பையன், என்னைவிட வயதில் சின்னவன், மிக மரியாதையாகப் பேசினான். என் கண்ணெதிரே டப்பாவைத் திறந்து, ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான். சில்லு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சில்லு. வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தான். அதுவும் அப்படித்தான். என் மடியை விட்டு இறங்காத டப்பா. ஒரு குலுக்கல் அதன்மேல் பட விடாமல் கொண்டுவந்த டப்பா.

"மேடம், இன்னும் ஒரே ஒரு சாம்பிள்தான் பார்ப்போம்" என்றான். "அதுவும் இப்படி இருந்தா வேற சப்ளையர்கிட்ட போகச் சொல்லிட்டாங்க." அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை, எனக்காகக் காபி வேறு வரவழைத்திருந்தான்.

சாருக்குப் போனில் சொன்னேன். அந்தக் கடைசி சாம்பிளும் போனால் மாசக் கடைசியில் ஷெட்டைக் காலி செய்துவிடுவதாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வரும் பஸ்ஸில் என் கண்முன்னால் நின்றதெல்லாம் ஒரே ஒரு படம்: ஹோமில் ஒரு கட்டில், அதில் அப்பா, அவருடைய இடது கையைச் சட்டத்தோடு கட்டிய வெள்ளைத் துணி. கட்டிவிட்டால் தண்ணீர் வேண்டுமென்று எதைக்கொண்டு தட்டுவார்?

மறுநாள் வேலைக்குப் போனேன். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதால், எல்லாவற்றையும் முதலிலிருந்து வெறுமனே உட்கார்ந்து பார்ப்பதென்று ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். உலை திறந்தது. டிரே வெளியே வந்தது. எப்போதும் போல நான் ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து எங்களுடைய சாம்பிளாகக் குப்பியில் வைத்தேன். அது முழுசாகத்தான் இருக்கும், தெரியும். அக்கா டிரேயை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கேதான் டப்பாவில் நிரப்புவது, மூடி சீல் வைப்பது. நான் ஒருநாளும் அந்த அறைக்குள் போனதில்லை. உலைக்குக் கணக்கு உண்டு, கரைசலுக்குக் கணக்கு உண்டு. டப்பாவில் போட்டு மூடுவதை யார் வேலை என்று எண்ணினோம்?

தட் தட் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தினமும் கேட்கிற சத்தம்தான். எழுந்து போய்க் கதவருகில் நின்றேன்.

அக்கா தரையில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவில் பொடியைப் போட்டு, சாக்கின்மேல் தட்டினார். பொடி இறங்கியது. மறுபடி போட்டு, மறுபடி தட்டினார். பிறகு சுத்தமான துணி சுற்றிய ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைப் பொடியின்மேல் வைத்து, முட்டி போட்டு எழுந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி அமுக்கினார். திருகித் திருகி அமுக்கினார். கிடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டார். டிரேயில் ஒரு துளி மிச்சமில்லாமல் அத்தனையும் அந்த ஒரு டப்பாவுக்குள் போய்விட்டது. விளிம்பை விரலால் வழித்து, மூடியை மூடி, ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எத்தனை மாதம், எத்தனை உலை, எத்தனை சர்க்கரை. நம் பொடி நல்ல அடர்த்தியாக வருகிறது என்று சார் வேறு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னா பாப்பா, டப்பா ரொப்புறேன்."

"யாரு அமுக்கச் சொன்னது உங்களை?"

"யாரு சொல்லணும்? அமுக்கலன்னா பாதி காத்து தான் இருக்கும் உள்ள. போற எடத்துல தட்டிப் பாத்தா எறங்கிடும். அவங்க இன்னா நெனைப்பாங்க? பாண்டிச்சேரிக்காரன் கொறையா அனுப்புறான்னு நெனைக்கமாட்டாங்களா?" என்றவர், நான் முறைத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் கையால கொற அளவு போவாது பாப்பா. அது மட்டும் நடக்காது."

நான் அப்படியே அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உருண்டையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே காலியாக இருப்பதுதான் அதற்கு உயிர் என்று சொன்னேன். அமுக்கினால் நொறுங்கிவிடும், நொறுங்கித்தான் மூன்று டப்பாவும் திரும்பின, ஷெட்டை மூடப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் கோபமும் அழுகையுமாகச் சொல்லி முடித்தேன். அக்கா டம்ளரில் சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்து மடித்தார். கறுப்பு படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா கூலி நெல்லு வாங்கியாரும்" என்றார். "களத்துல மரக்கா நெறைய அளந்து போடுவாங்க. கண்ணால பாத்தா தலைதட்ட இருக்கும். வூட்டுக்கு வந்து எங்கம்மா அதே நெல்ல நம்ம மரக்கால போட்டு ரெண்டு தட்டு தட்டும். நாலு வெரல் எறங்கிடும். தெனம் எறங்கும். அத பாத்துகினே நிக்கும் எங்கம்மா. அழுவாது, ஒண்ணியும் சொல்லாது. அந்த நாலு வெரல் தான் எனுக்கும் என் தம்பிக்கும் ராத்திரி சோறு."

நான் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"எப்பிடிதான் அளக்கறாங்கன்னு ஒரு நாளு கூட போயி நின்னு பாத்தேன். மெத்துனு ஊத்துறாரு. கூடைய மரக்கா வாய்க்குக் கிட்ட வெச்சிகினு, மணிக்கட்ட சாச்சி, பூ போடற மாதிரி ஊத்துறாரு. மரக்காலு தரையில இடிக்கக் கூடாது. இடிச்சா நெல்லு எறங்கிடும். எறங்கறதுக்குள்ள மேல வழிச்சி தலைய தட்டிடுறாரு. காத்த அளந்து குடுக்கறாரு பாப்பா. அன்னிக்கு நெனைச்சேன், நாம ஒருத்தருக்கு அளந்தா இப்பிடி அளக்கக் கூடாதுன்னு." பிறகு டப்பாவைக் காலால் லேசாகத் தள்ளினார். "இப்ப நீ வந்து காத்த அளந்து குடுன்ற."

அளந்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் காலனி ஆட்களுக்குக் கூலி அளந்த களங்கள் நிறைய இல்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாரிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "அவங்கள இன்னியோட நிறுத்திடுங்க. மூணு டப்பா. மூணு டப்பாவ நாசம் பண்ணியிருக்காங்க" என்றார். அந்த அறைக்குள் நாம் யாராவது ஒருநாள் எட்டிப் பார்த்தோமா, இப்படித்தான் நிரப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னோமா என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். அவரை நிறுத்தினால் நானும் நின்றுவிடுவேன் என்றும் சொன்னேன். சரி போ என்று அவர் சொல்லியிருந்தால் என் கதி என்ன? நல்லவேளை, அவருக்கும் வேறு ஆள் கிடையாது.

அக்காவிடம் போய், இனிமேல் தட்டாமல், அமுக்காமல், மெதுவாகப் போட்டு மூடினால் போதும் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "வேற எந்த வேலையும் குடு, செய்றேன். டிரே கழுவுறேன், உமி அலசுறேன். அந்த டப்பாவ மட்டும் எங்கிட்ட குடுக்காத" என்றார். குரலில் கோபம் இல்லை. பண்ண முடியாது என்பதை அப்படியே சொன்னார். பிறகு நான் வற்புறுத்தவில்லை.

கடைசி டப்பாவை நிரப்ப வேண்டிய நாள் வந்தது. உலையிலிருந்து வந்த டிரேயை நானே பக்கத்து அறைக்கு எடுத்துப் போனேன். அக்கா கதவுக்கு வெளியே குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிரேக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் கீழே வைத்தால் தரை அதிரும் என்று இடது கையில் பிடித்துக்கொண்டேன். பொடியை எப்படி ஊற்றுவதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. டிரேயின் மூக்கை டப்பாவின் வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். மணிக்கட்டைச் சாய்த்தேன். பொடி சத்தமே இல்லாமல் இறங்கியது. விளிம்பு வரை வந்ததும், அது அடங்குவதற்குள், அட்டைத் துண்டால் ஒரே இழுப்பாக மேலே வழித்துவிட்டேன். டப்பா நிறைந்திருந்தது. டிரேயில் பாதிப் பொடி அப்படியே மிச்சமிருந்தது.

குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கையில் நாரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடியே உங்கப்பா கை, பாப்பா" என்றார்.

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்து மூக்கு யார் ஜாடை என்று சொல்வார்களே, அந்த மாதிரிதான் சொன்னார். நான் மூடியை எடுத்து மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு மூன்று தடவை திருக வேண்டியிருந்தது. அக்கா குழாயைத் திறந்துகொண்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த டப்பா பாஸாகிவிட்டது. உருண்டைகள் முழுசாக இருந்தன, பேட்டரி தாக்குப்பிடித்தது, ஆர்டரும் வந்தது. சார் லட்டு வாங்கி வந்தார். அக்கா தன் பங்கைத் தாளில் மடித்துப் பேரப்பிள்ளைக்கு எடுத்துப் போனார். நான் ஓசூருக்குப் போக வேண்டியதில்லை, அப்பா ஹோமுக்குப் போக வேண்டியதில்லை. நான் எதற்காக அழுதேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. டப்பா நிரப்புவது இப்போது என் வேலை. நான் நிரப்பும்போது அக்கா அந்தப் பக்கம் வருவதில்லை.

லட்டு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்தேன். அப்பாவின் வலது கை, விழுந்துபோன கை, விரல்கள் உள்ளே மடங்கி நெஞ்சின்மேல் கிடக்கும். அதை விரித்துத் துடைக்காவிட்டால் உள்ளங்கை புண்ணாகிவிடும். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைத்தேன். அந்தக் கையின்மேல் எனக்கு அன்று தாங்க முடியாத கோபம். அந்தக் கையால்தான் நான் படித்தேன், அந்தக் கை செய்ததை என் கையும் செய்ததால்தான் அவர் இந்தக் கட்டிலில், இந்த வீட்டில் கிடக்கிறார். யார்மேல் கோபப்படுவது?

"அப்பா" என்றேன். "காலனி ஆளுங்களுக்குக் கூலி அளப்பியே, மரக்கால தரையில வெக்காம, மெத்துனு ஊத்துவியாமே. நெஜமா?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து காதோரமாக வழிந்தது. நிற்காமல் வழிந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. வாதம் வந்தவர்கள் காரணமே இல்லாமல் அழுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். டிவியில் விளம்பரம் வந்தால்கூட அப்பா அழுவார். அதனால் அந்தக் கண்ணீர் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, இனிமேல் தெரியப் போவதும் இல்லை.

கையைத் துடைத்து முடித்து, விரல்களுக்கிடையில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, கஞ்சியை எடுத்துவரப் போனேன்.